படம் பார்த்தாச்சே, இனி எதுக்கு புக்கு?

கேள்வி: கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகன் ஆறாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரும் ஆங்கில வழிப் பள்ளி. துபாயிலிருந்து லீவுக்கு வந்த என் தம்பி ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகம் கொண்டுவந்தான். எல்லாமே படமாக வந்த கதைகள். மகன் ‘ஜங்கிள் புக்’ படத்தை டிவியில் தமிழில் நாலைந்து தடவை பார்த்தவன். புத்தகத்தை எடுத்தால் பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. ஒரு நாள் “கதைதான் தெரியுமே” என்கிறான். இன்னொரு நாள் “இதுல எல்லாம் தப்பா இருக்கு, படத்துல இப்படி இல்ல” என்று மூடிவைத்துவிட்டான். இவர்கள் அப்பாவோ, “படம் பாத்தா போதாதா, கதை ஒண்ணுதானே” என்கிறார். (‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த ஜோரில் அவர் வாங்கிய ஐந்து பாகமும் ஷெல்ஃபில் தூசி படிந்து கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) படத்தை நிறுத்தவா? புத்தகம் முடித்தால்தான் படம் என்று கண்டிப்பாக இருக்கவா? தமிழில் கொடுப்பதா, ஆங்கிலத்திலா? மகளிடம் எதை வரையச் சொன்னாலும் கார்ட்டூனில் பார்த்ததையே வரைகிறாள். அதுவும் இதனால்தானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னவற்றில் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “கதை தெரியும்” என்பது சலிப்பு. “படத்துல இப்படி இல்ல” என்பது சலிப்பு இல்லை. பத்துப் பக்கம்தான் படித்திருக்கிறான், அதற்குள் இரண்டையும் ஒத்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடித்துவிட்டான். மேம்போக்காகப் புரட்டுகிற பிள்ளைக்கு இது கண்ணில் படாது.

கண்டிப்பு வேண்டாம். ‘புக்கை முடிச்சாத்தான் படம்’ என்று சொல்லும் வீட்டில் புத்தகம் கசாயம் ஆகிவிடுகிறது, படம் அதற்குப் பிறகு கிடைக்கிற சர்க்கரை ஆகிவிடுகிறது. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசிப் பத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டு வந்து நிற்பார்கள். நாம் கேள்வி கேட்டால், கூட்டாளி சொன்ன படக்கதையைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். நாமும் புத்தகத்தைப் படித்திருக்காவிட்டால் பிடிபடவே மாட்டார்கள்.

அடுத்து, தம்பி கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புத்தகத்தையும் சோதியுங்கள். படத்தின் பெயரில் கடையில் மூன்று வகைப் புத்தகம் கிடைக்கும். முதல் வகை, எழுத்தாளர் எழுதிய மூலம். அட்டையில் மட்டும் பட போஸ்டர். இரண்டாவது, படத்தின் திரைக்கதையை வைத்து வேறொருவர் எழுதிய படக்கதைப் புத்தகம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சினிமா ஸ்டில். மூன்றாவது, மூலத்தைச் சுருக்கியது. அட்டையை நம்பாமல், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். ‘பேஸ்டு ஆன் த ஸ்க்ரீன்ப்ளே’ என்று இருந்தால் அது இரண்டாம் வகை. ‘அப்ரிட்ஜ்டு’, ‘ரீடோல்டு பை’ என்று இருந்தால் மூன்றாம் வகை. தமிழில் ‘தழுவல்’, ‘சுருக்கம்’, ‘மறுகூறல்’ என்று போட்டிருப்பார்கள்.

‘ஜங்கிள் புக்’குக்கு இன்னும் எளிதான சோதனை உண்டு. பொருளடக்கத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1894-ல் வெளியிட்ட மூல நூலில் 7 கதைகள். அவற்றில் 3 மட்டுமே ஓநாய்கள் வளர்த்த பையன் மௌக்ளியைப் பற்றியவை. மற்ற நாலில் கீரி வருகிறது, வெள்ளைக் கடல்நாய் (சீல்) வருகிறது, யானை வருகிறது, மௌக்ளி வருவதில்லை. 1895-ல் வந்த இரண்டாம் நூலில்தான் மௌக்ளி கதை இன்னும் 5 உண்டு. உங்கள் கையில் இருப்பது 60 பக்கத்தில், முதல் வரியிலிருந்து கடைசி வரை மௌக்ளி கதையாகவே ஓடுகிறது என்றால் அது மூலம் இல்லை, பெரும்பாலும் படத்தைத் திரும்பச் சொல்லும் புத்தகம். அதைப் படிக்கச் சொல்லி மகனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அங்கே “கதைதான் தெரியுமே” என்பது நூற்றுக்கு நூறு நியாயம். அதைச் சின்னவளுக்குக் கொடுத்துவிடலாம்.

மூலம்தான் இருக்கிறது என்றால், பத்தாம் பக்கத்தில் ஏன் நிற்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரப் படத்தில் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஓட்டமோ ஆபத்தோ வந்தாக வேண்டும். திரைக்கதையை அப்படித்தான் கட்டுகிறார்கள். காடு எப்படி இருக்கும் என்று படத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஷாட்டில் காட்டிவிடும். புத்தகம் அந்தக் காட்டை வாக்கியம் வாக்கியமாக நட்டு வளர்க்க வேண்டும். அதற்கு 15, 20 பக்கம் போகும். படம் பார்த்த பிள்ளைக்கு அந்தக் காடு ஏற்கெனவே மனதில் இருக்கிறது, யார் யார் வருவார்கள் என்பதும் தெரியும். ஆகவே முதல் 20 பக்கம் அவனுக்குத் தெரிந்ததையே மெதுவாகச் சொல்லும் பக்கங்கள். பெரியவர்களே அங்கே நழுவிவிடுவார்கள்.

எனவே முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். படத்தில் இல்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். கதைப் புத்தகத்தை நடுவிலிருந்து படிக்கக் கூடாது என்று நம் தலைமுறைக்கு ஒரு கூச்சம் உண்டு. தெரியாத கதைக்கு அது சரிதான். தெரிந்த கதைக்கு அந்த விதி செல்லாது. நடுவில் நுழைந்த பிள்ளை நாலு நாளில் தானாகவே முதல் பக்கத்துக்கு வந்து சேருவான். வராவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

‘ஜங்கிள் புக்’கில் இரண்டு வாசல்கள் நல்லவை. ஒன்று, ‘ரிக்கி-டிக்கி-டாவி’ என்ற கீரிக் கதை. மௌக்ளி படம் எதிலும் இது கிடையாது. ஒரு கீரிக்கும், நாக், நாகைனா என்ற இரண்டு நல்ல பாம்புகளுக்கும் ஒரு பங்களாவிலும் தோட்டத்திலும் நடக்கிற சண்டை. ரப்பர் தோட்டத்தையும் வாழைத் தோட்டத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கீரி யாரென்று விளக்க வேண்டாம். உரக்கப் படித்துக் காட்டினால் முக்கால் மணி நேரம், நாலு ராத்திரிக்குப் போதும்.

இன்னொன்று, கா என்ற மலைப்பாம்பு வருகிற கதை. உங்கள் மகன் எதைப் பார்த்து ‘தப்பா இருக்கு’ என்றானோ தெரியாது, ஆனால் பெரிய ‘தப்பு’ இங்கேதான் இருக்கிறது. 1967-ல் வந்த கார்ட்டூனிலும் 2016-ல் வந்த படத்திலும் கா மௌக்ளியை விழுங்கப் பார்க்கும். புத்தகத்தில் கா மௌக்ளியைக் காப்பாற்றுகிற ஆள். குரங்குகள் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. கரடியும் கருஞ்சிறுத்தையும் போய் மலைப்பாம்பிடம் உதவி கேட்கின்றன. வெறுமனே கேட்டால் வருமா? ‘உன்னைக் காலில்லாத மஞ்சள் மண்புழு என்று அந்தக் குரங்குகள் சொல்லுகின்றன’ என்று ஏற்றிவிடுகின்றன. பதினொரு வயதுப் பையனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராமல் போகாது. குரங்குகளுக்கு ராஜாவும் கிடையாது. படத்தில் வரும் லூயி ராஜா சினிமாக்காரர்கள் சேர்த்தது. கார்ட்டூனில் அதை உராங்குட்டானாக வரைந்தார்கள். இந்தியக் காட்டில் உராங்குட்டான் ஏது? 2016 படத்தில் அதைத் திருத்தி, எப்போதோ அழிந்துபோன ஜைகாண்டோபிதிகஸ் என்ற ராட்சதக் குரங்காக்கிவிட்டார்கள். ‘தப்பு யாருடையது’ என்று அவனே தீர்ப்புச் சொல்லட்டும்.

அந்தக் கதையின் கடைசியில் ஒரு பத்தி உண்டு. அதை மட்டும் நீங்கள் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். சண்டை முடிந்தது. நிலா சாய்கிறது. கா குரங்குகள் முன்னால் வளையம் வளையமாகச் சுழன்று ஆடத் தொடங்குகிறது. வட்டம் முக்கோணமாகிறது, முக்கோணம் சதுரமாகிறது, நிற்காமல் இழுபடுகிறது. இருட்டு கூடிக்கொண்டே போய், கடைசியில் பாம்பின் உடம்பே கண்ணுக்குத் தெரியவில்லை. செதில் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. வாசித்துவிட்டு, “இதை நீ படமா எடுத்தா இந்த இடத்துல திரையில என்ன காட்டுவே?” என்று கேளுங்கள். பாம்பைக் காட்டினால் பயம் பாதியாகிவிடும். ஒன்றும் காட்டாவிட்டால் படம் கெட்டுப்போச்சா என்று தியேட்டரில் விசில் அடிப்பார்கள். பையன் கொஞ்சம் திணறுவான். திணறட்டும். எழுத்தால் முடிகிற ஒன்று கேமராவுக்குக் கஷ்டம் என்பது அவனுக்கு அங்கே பிடிபடும். ‘புத்தகம்தான் சிறந்தது’ என்று நீங்கள் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த வாக்கியத்தை வீட்டில் யாருமே சொல்லாமல் இருப்பது நல்லது. அவனுக்குப் பிடித்த படத்தைத் தாழ்த்தினால் அவனையும் சேர்த்துத் தாழ்த்திய மாதிரிதான் அவனுக்குப் படும்.

கேமரா கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். ஒரு ஏ4 தாளை ஆறு கட்டமாக மடியுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு ஷாட். குச்சி மனிதர்கள் போதும். கட்டத்துக்கு அடியில் என்ன சத்தம் கேட்கும் என்று ஒரு வரி. ஆறு கட்டம் நிரப்ப அந்தப் பக்கத்தை அவன் மூன்று தடவையாவது திரும்பப் பார்த்தாக வேண்டும். ‘திரும்பப் படி’ என்று சொல்லி வாங்க முடியாத வாசிப்பு இது. குரங்குகள் குடியிருக்கும் பாழடைந்த நகரத்துக்கு நம்ம ஊரில் எங்கே ஷூட்டிங் வைப்பாய் என்று கேளுங்கள். தக்கலைப் பக்கம் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய் ‘லொக்கேஷன்’ பார்த்துவரலாம், மதில் உயரத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

புலிக்கு மூன்று சாவு என்று ஒரு விளையாட்டும் இருக்கிறது. 1967 கார்ட்டூனில் ஷேர்கான் சாவதே இல்லை. வாலில் எரிகிற கிளையைக் கட்டிவிட, ஓடிப்போய்விடும். 2016 படத்தில் நெருப்புக்குள் விழுந்து சாகும். புத்தகத்தில் மௌக்ளி எருமை மாடு மேய்க்கிறான். ஓநாய்கள் மந்தையை இரண்டாகப் பிரிக்கின்றன, ஓடைப் பள்ளத்தில் இரண்டு பக்கமும் அடைத்து எருமைகளை ஓடவிட, தூங்கிக்கொண்டிருந்த புலி மிதிபட்டுச் சாகிறது. எது நம்பும்படி இருக்கிறது, சினிமாக்காரர்கள் ஏன் மாற்றினார்கள் என்று பேச வையுங்கள். எருமை மந்தையைப் படமெடுப்பதைவிட நெருப்பு கண்ணைப் பறிக்கும் என்று அவனே சொல்லக்கூடும். இதே கதையில் கிப்ளிங் நம் கிராமத்து ஆட்களை மூடநம்பிக்கைக்காரர்களாக, கேலிக்குரியவர்களாக வரைந்திருக்கிறார். வெள்ளைக்காரத் துரைத்தனம் அந்த எழுத்தில் இருக்கிறது. மறைக்க வேண்டாம். “நம்ம ஆளுகள ஏன் இப்படி எழுதுறாரு?” என்று அவன் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், இதை வீட்டுப்பாடம் ஆக்குகிற இடத்தில். ‘படத்துக்கும் புத்தகத்துக்கும் பத்து வித்தியாசம் எழுது’ என்று நோட்டைக் கொடுத்த அன்றே காரியம் முடிந்தது. வித்தியாசம் பார்ப்பது வாய்ப்பேச்சாகவே இருக்கட்டும், சாப்பிடும்போது ஒன்று, பைக்கில் போகும்போது ஒன்று. ‘கதை எப்படி இருந்தது?’ என்றும் கேட்காதீர்கள். ‘நல்லா இருந்தது’ என்பதற்கு மேல் பதில் வராது. ‘படத்துல யாரை விட்டுட்டாங்க?’, ‘உனக்கு யாரைச் சேர்க்கணும்னு தோணுது?’ என்று ஆளைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள்.

இனி அளவு. அவன் வாசிப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் புத்தகம் கொடுத்தால் எல்லாப் பழியும் படத்தின் மேல் விழும். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து ஏறத்தாழ 100 சொல் வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். 5 விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு அவன் தனியாக வாசிக்க வேண்டாம், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். 2, 3 என்றால் சரியான புத்தகம். பிறகு கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, மனதுக்குள் வாசித்த சொற்களை எண்ணுங்கள். 100 சொல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 150 சொல், 120 பக்கம் என்றால் 18,000 சொல், அவனுக்கு 180 நிமிடம். தினம் 15 நிமிடம் என்றால் 12 நாள். இந்தக் கணக்கை அவனிடமே சொல்லுங்கள். ‘12 நாள்ல முடிஞ்சிரும்’ என்று தெரிந்தால் தடிமன் பயமுறுத்தாது. தமிழில் எண்ணும்போது எண்ணிக்கை குறைவாக வரும். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ ஒரே சொல் அல்லவா? அதற்காகத் தமிழில் மந்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இரண்டு மொழியிலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், வரி தாவுகிறான், படித்தால் தலை வலிக்கிறது என்கிறான் என்றால் அதற்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லை. முதலில் கண்ணைச் சோதித்துவிட்டு, பிறகு வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.

படம் முந்தியா, புத்தகம் முந்தியா என்றால் அது பிள்ளையைப் பொறுத்தது. தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்குப் படம் முந்தி வருவது உதவி. யார் யார், எங்கே, என்ன என்பது தெரிந்திருப்பதால் சொல்லைப் பிடிப்பதில் மட்டும் கவனம் வைத்தால் போதும். படம் பார்த்த ஒரு வாரத்துக்குள், சூடு ஆறும் முன் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் வேலைக்காகாது. சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு, துப்பறியும் கதை மாதிரி ‘யார் செய்தது’ என்பதில்தான் உயிர் இருக்கும் கதை என்றால் புத்தகம் முந்தி. மற்றவற்றுக்கு எது முன்னால் போனாலும் மோசமில்லை. புத்தகத்தை முடித்த அன்றைக்கே மட்டும் படம் போட வேண்டாம். ஒரு வாரமாவது அவன் மனதில் கட்டியது அங்கேயே கிடந்து ஊறட்டும்.

உங்கள் மகனைப் போல நடுவாந்தரமாக நிற்கிற பையனுக்குச் சீக்கிரம் ஒரு புத்தகத்தை முழுதாக முடித்த ருசி வேண்டும். ‘ஜுமான்ஜி’ படத்தைத் தமிழில் பார்க்காத பிள்ளை குறைவு. அதன் மூலம் 1981-ல் வந்த வெறும் 32 பக்கப் படப் புத்தகம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளும் ஒரு விளையாட்டுப் பலகையும்தான். விளையாட்டுக்குள் பல வருஷம் மாட்டிக்கொள்ளும் மனிதர் படத்துக்காகச் சேர்க்கப்பட்டவர். ஒரே உட்காரலில் முடியும். ‘தி வைல்ட் ரோபோட்’ 2016-ல் வந்த நாவல், 2024-ல் படமானது. அத்தியாயம் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம்தான், இடையிடையே படம் உண்டு, கதைசொல்லி வாசகனைக் கூப்பிட்டுப் பேசுவார். ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ள வசதி. ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ படத்தில் வரும் டூத்லெஸ் என்ற டிராகனைப் பார்த்த பிள்ளை அதன் மூல நாவலைத் திறந்தால் அதிர்ந்துவிடும்: அங்கே அது சிறிய நாயளவு இருக்கிற, சொன்ன பேச்சுக் கேட்காத குட்டி. இதுவும் நல்ல வாசல். ‘ஹாரி பாட்டர்’ முதல் நாவலை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். படம் 152 நிமிடம்; நாவலை உரக்க வாசிக்க எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். எவ்வளவு விடுபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏழு குப்பிகளை வைத்து ஒரு புதிர் வரும். அது படத்தில் இல்லை. கணக்கு பிடித்த பிள்ளை என்றால் அந்தப் புதிரை மட்டும் முதலில் காட்டுங்கள்.

தமிழா ஆங்கிலமா? விரல் மடக்கும் சோதனையில் எந்த மொழியில் குறைவாக மடங்குகிறதோ அந்த மொழி. ஒரே கதையை இரண்டு மொழியிலும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சி ஆகிவிடும். தமிழ்ப் பதிப்பு வாங்கும்போது கடையில் நின்றபடியே அரைப் பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நாக்கு இடறினால் அவனுக்கும் இடறும். டப்பிங் தமிழ் பேச்சுத் தமிழ், புத்தகம் எழுத்துத் தமிழ். அதுவும் டப்பிங்கில் வருவது சென்னைப் பேச்சு. நம்ம வீட்டில் மரச்சீனி என்றும் சக்கை என்றும் சொல்வதைப் புத்தகம் மரவள்ளி, பலா என்று அச்சடித்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் ‘சென்றான்’ என்பதைப் ‘போனான்’ என்று நீங்கள் மாற்றி வாசித்தால் குற்றமில்லை. அதன்பின் அச்சில் இருப்பதையே வாசியுங்கள், காது பழகிவிடும்.

பெயர்கள் இன்னொரு முட்டுக்கட்டை. படத்தில் மோக்லி, ஒரு பதிப்பில் மௌக்ளி, இன்னொன்றில் மௌகிலி. ஒவ்வொரு தடவையும் யாரிது என்று நின்றால் ஓட்டம் போச்சு. ஒரு கெட்டித் தாளைப் புத்தக அடையாளமாக வெட்டி, ஆறேழு பெயரும் எதிரே ‘கரடி’, ‘கருஞ்சிறுத்தை’ என்றும் எழுதிவையுங்கள்.

படம் பார்க்கும்போதே வாசிக்க வைக்கலாமே என்று அடியில் எழுத்து ஓடவிடுகிறவர்கள் உண்டு. யோசனை நல்லதுதான். பேசுகிற மொழியிலேயே எழுத்தும் ஓடினால் கண் தானாக அதைத் தொடரும். ஆனால் தமிழ் டப்பிங்கில் ஒரு கோளாறு இருக்கிறது. டப்பிங் வசனத்தை ஒருவர் எழுதுகிறார், அடியில் ஓடும் வரியை வேறொருவர் மொழிபெயர்க்கிறார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துவராது. காதில் ஒன்று, கண்ணில் ஒன்று என்றால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும். ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்து, அல்லது தமிழிலேயே எடுத்த படத்துக்குத் தமிழ் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். கார்ட்டூனில் பார்த்ததையே வரைகிறாள் என்கிறீர்கள். ஆமாம், அது படத்தால்தான். ஒரு முகத்தைத் திரையில் பார்த்துவிட்டால் பிறகு அந்த முகம்தான் வரும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். இதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் திரை தொடாத சில இடங்களை அவளுக்கு மீதி வைக்க வேண்டும். தேரூர்க் கவிமணி நமக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி’ பாட்டைச் சொல்லி, கன்றுக்குட்டியை வரையச் சொல்லுங்கள். பசு வெள்ளை என்று பாட்டிலேயே இருக்கிறது. கன்று என்ன நிறம்? பாட்டு முழுக்கத் தேடினாலும் கிடையாது. நாலு பிள்ளைகளை உட்கார வைத்தால் நாலு நிறத்தில் கன்று வரும்: செவலை, கறுப்பு, நெற்றியில் சுட்டி உள்ளது, அம்மாவைப் போலவே வெள்ளை. அதே பாட்டைக் கைபேசியில் கார்ட்டூனாகக் காட்டிவிட்டு வரையச் சொன்னால், அதில் எந்த நிறமோ அந்த நிறக் கன்றுதான் நாலு தாளிலும் நிற்கும்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். படத்துக்குப் போகுமுன், கதையை வாயால் சொல்லி, முக்கியமான ஒரு ஆளை வரையச் சொல்லி, தேதி போட்டு வாங்கி வையுங்கள். பார்த்துவந்த பிறகு இன்னொன்று வரையட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எது நல்லது என்று சொல்ல வேண்டாம். முதல் தாள் தொலையாமல் இருந்தால் போதும்.

ஏழு வயதுக்கு இன்னொரு எச்சரிக்கை. புத்தகத்தில் பயமான இடம் வந்தால் பிள்ளை மூடிவைத்துவிடலாம், உங்கள் மடியில் ஏறிக்கொள்ளலாம், பக்கத்தைத் தாண்டலாம். தியேட்டரில் அந்த வேகம் அவள் கையில் இல்லை. பிள்ளைகள் புத்தகம்தானே, படமும் பிள்ளைகளுக்குத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 விதிகளுக்குப் பிறகு தணிக்கைச் சான்றிதழில் யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

உங்களுக்கும் மகனுக்கும் சேர்ந்து வாசிக்க ஒன்று வேண்டும் என்றால், ‘டோட்டோ-சான்’ நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் உண்டு. ஜப்பானில் 1981-ல் வந்த புத்தகம், 2023-ல்தான் படமானது. இரண்டு மூன்று பக்க அத்தியாயங்கள், எந்த அத்தியாயத்திலும் நுழையலாம். வாங்கும் முன் பக்கத்துக் கிளை நூலகத்திலோ நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை போட்டுக்கொடுங்கள். அட்டையில் தன் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுக்கிற தேதியைத் தானே பார்த்துக்கொள்வார்கள்.

ஷெல்ஃபில் தூசி படிகிற ஐந்து பாகத்துக்கும் இதே வைத்தியம்தான். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது, கல்கி ஆடிப் பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் நிதானமாகத் தொடங்குகிறார். உங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பார். இரண்டு படத்திலும் இல்லாத மணிமேகலை யாரென்று கேட்டுப் பாருங்கள். கந்தமாறனின் தங்கை. அவளைத் தேடித்தான் அவர் புரட்ட வேண்டும். அப்பா கையில் ஒரு புத்தகம் திறந்து கிடப்பதைப் பையன் பார்ப்பது, நான் மேலே சொன்ன பாதி யோசனைகளைவிடப் பலன் தரும்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி கீரிக் கதையில் தொடங்குங்கள். தொடர்ந்து நாலு நாள் சொன்னேனே, அதில் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ ஒரு இடம் வரும். வீடு உறங்குகிறது. நாக் குளியலறைக்குள் வந்து, தண்ணீர்ச் சாடியின் அடிவயிற்றைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்கிறது. காலையில் அந்த வீட்டுத் துரை கையில் கம்பில்லாமல் குளிக்க வருவார் என்று காத்திருக்கிறது. கீரி இருட்டில் அசையாமல் நிற்கிறது. அங்கே நிறுத்தி, பெயர் எழுதிய தாளை அந்தப் பக்கத்தில் வைத்து மூடி, புத்தகத்தை அவன் தலைமாட்டிலேயே போட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் வாருங்கள்.